பாதியில் நிற்கும் ட்ரையர்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் தாம்பரத்து வீடுகளில் முதலில் இடமில்லாமல் தவிப்பது துணிதான். மொட்டை மாடிக் கொடிக்கு வேலை இல்லை. ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டாண்டு வந்துவிடும். நாற்காலி முதுகு, கதவின் மேல்முனை, ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் ஈரத்துணி ஏறிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து எடுத்தாலும் பள்ளிச் சீருடையின் இடுப்புப் பட்டியில் ஈரம் இருக்கும், கூடவே ஒரு மக்கல் வாடை. அந்த வாடைக்குப் பெரும்பங்கு பொறுப்பான ஒரு பாக்டீரியாவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் அடையாளம் காட்டினார்கள். மொராக்ஸெல்லா ஓஸ்லோயென்சிஸ் என்று பெயர். துவைத்தும் போகாமல் நூலிழையில் தங்கி, துணி மெதுவாகக் காய்கிற நேரத்தில் பெருகி, வியர்வையின் மிச்சத்தைத் தின்று நாற்றத்தைக் கிளப்புகிறது. சட்டென்று காய்ந்துவிட்டால் அதற்கு அவகாசம் கிடைக்காது.

ஆனால் சட்டென்று காய்வதுதான் இங்கே நடக்காத காரியம். சென்னையின் தென்புறத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் மட்டும் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அதெல்லாம் அபூர்வம் என்று விட்டுவிடலாம். சாதாரண மழைநாளையே எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து அறை, ஒன்பது அடி உயரம். அதற்குள் இருக்கும் காற்று சுமார் 25 கன மீட்டர். 27 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடிய நீராவி 650 கிராம் சொச்சம். ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 550 கிராம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மிச்ச இடம் 100 கிராம், அதாவது அரை டம்ளர் தண்ணீர். நாம் கொண்டுபோய் விரித்திருப்பதோ மெஷினில் பிழிந்த ஐந்து கிலோ துணி. அதில் இரண்டரை லிட்டர் தண்ணீர் பாக்கி இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் அரை டம்ளர் ஆவியானதோடு கதை முடிந்தது. அதன்பின் ஃபேன் ஈரக்காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும்.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர் அடுக்ககங்களில், யூட்டிலிட்டி என்று நாம் அழைக்கும் அந்த மூன்றடிப் பின்பால்கனிகளில், ட்ரையர் வந்து உட்கார்ந்ததற்குப் பின்னணி இந்த அரை டம்ளர் கணக்குதான். அது வந்த பிறகு கிளம்பும் புகார் பெரும்பாலும் ஒன்றே: "நல்லா ஓடிட்டே இருந்துச்சு, பாதியில நின்னுடுச்சு."

பெரும்பாலான வீடுகளில் ட்ரையர் என்றால் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் சின்னத் தொட்டிதான். அது சூடே உண்டாக்குவதில்லை. நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்குக் குறையாமல் சுழன்று தண்ணீரை வெளியே எறிகிறது. அந்த வேகத்தில் தொட்டிச் சுவரோடு ஒட்டிய துணி உணரும் விசை, பூமி ஈர்ப்பைப்போல 200 மடங்குக்கும் மேல். எளிய இயந்திரம்தான், ஆனால் செலவுக் கணக்கைப் பார்த்தால் அதற்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க எப்படிப் பார்த்தாலும் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக, 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். அதை யாரும் பேரம் பேசிக் குறைக்க முடியாது. அது தண்ணீரின் குணம். அதே ஒரு லிட்டரைச் சுழற்றி எறிய 200 வாட் மோட்டார் ஐந்து நிமிடம் ஓடினால் போதும். யூனிட் கணக்கில் அது 0.02-ஐத் தொடாது. எனவே சூடுபடுத்தும் ட்ரையர் வைத்திருப்பவர்களும் வாஷிங் மெஷினின் ஸ்பின் வேகத்தைக் கடைசி எல்லைக்குத் திருகிவிட்டுத்தான் துணியை மாற்ற வேண்டும்.

இந்தச் சின்னத் தொட்டி பாதியில் நிற்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. துணி ஒருபக்கமாகக் குவிந்து தொட்டி ஆட்டம் போடும், மூடி துள்ளும், மூடிக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் விட்டுப்போய் மோட்டார் நிற்கும். அல்லது ஒரு குழந்தையின் சாக்ஸ் தொட்டி விளிம்பைத் தாண்டி நழுவி அடியில் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். 'ம்ம்ம்' என்று முனகல் மட்டும் வந்து தொட்டி திரும்பாவிட்டால், சாக்ஸும் இல்லை, பிரேக் ஒயரும் சரியாக இருக்கிறது என்றால், கண்டென்சர் வலுவிழந்திருக்கும். சீலிங் ஃபேனில் மாற்றுகிற அதே வகைப் பொருள்தான், அளவு வேறு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்திருக்கும் என்பதால் வீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம்.

சூடுபடுத்தும் ட்ரையரின் சங்கதி வேறு. அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

அந்த மெஷின் செய்யும் வித்தை, காற்றிலிருந்து எதையும் நீக்காமலே அதை உலர்ந்த காற்றாக மாற்றுவது. மழைநாளில் 27 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமுமாக உள்ளே வரும் காற்றை ஹீட்டர் 60 டிகிரிக்கு ஏற்றுகிறது. காற்றில் இருக்கும் நீராவி ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் 60 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 130 கிராம் நீராவியைத் தாங்கும் என்பதால், அதே காற்றின் ஈரப்பதம் இப்போது 15 சதவீதம்தான். ஐப்பசிக் காற்று ராஜஸ்தான் பாலைவனத்துக் காற்றாகிவிட்டது. அதை டிரம்முக்குள் ஊதி, துணியைப் புரட்டிப் புரட்டி அதில் காட்டி, ஈரத்தை ஏற்றிக்கொண்ட காற்றை வெளியே தள்ள வேண்டும். காய்வது என்பதில் சூட்டுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்த வெளியே தள்ளுவதற்கும் உண்டு. வாங்கும்போது கடையில் ஹீட்டரின் வாட் அளவைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். காற்று போகும் வழியைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. பாதியில் நிற்கிற ட்ரையர்களில் பெரும்பாலானவை ஹீட்டரால் நிற்பதில்லை, வழி அடைத்துத்தான் நிற்கின்றன.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். வழி அடைத்திருந்தால் ஆரம்பத்திலேயே நிற்க வேண்டாமா? ஏன் முக்கால் மணி நேரம் சமர்த்தாக ஓடிவிட்டு அதற்கப்புறம் நிற்கிறது?

ஈரம்தான் அதுவரை மெஷினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருக்கிறதே, அதே கணக்கு. பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. ட்ரையருக்குள்ளும் நூலிழைகளின் மேற்பரப்பில் தண்ணீர் தாராளமாக இருக்கும் வரை ஹீட்டர் கொடுக்கும் வெப்பம் முழுவதும் ஆவியாக்குவதிலேயே தீர்ந்துபோகும். துணியின் சூடு ஒரு அளவில் நின்றுகொண்டு மேலே ஏறாது. பொறியாளர்கள் இதை மாறா வேக உலர்தல் என்பார்கள். பிறகு மேற்பரப்புத் தண்ணீர் தீர்ந்து, நூலின் உள்ளுக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் மட்டும் மிஞ்சும். அது மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். ஹீட்டருக்கு இது தெரியாது, பழைய வேகத்திலேயே சுட்டுக்கொண்டிருக்கும். செலவழிக்க வழியில்லாத வெப்பம் துணியிலும் காற்றிலும் ஏற ஆரம்பிக்கும். காற்றோட்டம் நன்றாக இருந்தால் உபரி வெப்பம் வெளியே போய்விடும், ஒரு குறையும் தெரியாது. ஃபில்டரில் பஞ்சு கம்பளியாகப் படிந்திருந்தாலோ, மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் பின்னாலிருக்கும் வளைகுழாய் நசுங்கியிருந்தாலோ, சூடு அங்கேயே தங்கும். எந்த நிமிடத்தில் நின்றது என்பது அதனால் முக்கியமான துப்பு. துணியை எடுத்துப் பாருங்கள். தொட்டால் சுடுகிறது, ஏறக்குறைய காய்ந்திருக்கிறது, தையல் ஓரத்தில் மட்டும் ஈரம் என்றால் முதல் சந்தேகம் காற்று வழிமேல்தான்.

பஞ்சு விஷயத்தில் நம் வீடுகளுக்குத் தனிக் கவனம் தேவை. பருத்தி லுங்கி, ஈரிழைத் துண்டு, பருத்திப் புடவை, பாத் டவல். ஒரு லோடு முடிந்ததும் ஃபில்டரை உருவிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு தகடு உரிந்து வரும். விளக்குக்கு நேராகப் பிடித்தால் வலையின் ஓட்டை ஒன்றும் தெரியாது. அதை ஒவ்வொரு லோடுக்கும் எடுக்க வேண்டும். அதோடு மாதம் ஒருமுறை வலையைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுவதும் நல்லது. துணியை மென்மையாக்கும் திரவம் வலைக் கண்களில் மெல்லிய படலமாக ஒட்டும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், தண்ணீரை ஊற்றினால் வலைமேல் தேங்கி நிற்கும். தண்ணீரே இறங்காத வலையில் காற்று மட்டும் எப்படிப் போகும்?

சரி, சூடு ஏறிவிட்டது. மெஷினை நிறுத்துவது யார்? பழைய மாடல்களிலும் இன்றைய மாடல்கள் பலவற்றிலும் அது எட்டணாக் காசு அளவுள்ள ஓர் உலோக வில்லை. விரிவு வேறுபடும் இரண்டு உலோகங்களை ஒன்றாக ஒட்டிச் செய்த வில்லை அது. சூடானால் ஒன்று அதிகம் நீளும், மற்றது நீளாது, வேறு வழியின்றி வளையும். நம் இஸ்திரிப் பெட்டிக்குள் 'டிக்' என்று விளக்கை அணைப்பதும் இந்த ஈருலோகத் தகடுதான். 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் சரியான நேரம் காட்டும் கடிகாரத்துக்காக வாழ்நாளைச் செலவிட்ட இங்கிலாந்துக்காரர் ஜான் ஹாரிசன், வெயிலுக்கும் குளிருக்கும் கடிகாரம் தடுமாறக் கூடாதென்று கண்டுபிடித்தது. அவருடைய தகடு மெதுவாக வளையும். மின்சாரத்துக்கு அது ஆகாது. தொடுமுனைகள் மெதுவாகப் பிரிந்தால் நடுவில் பொறி பறந்து முனை கருகும். பட்டென்று பிரிய வேண்டும். அதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஸ்பென்சர். சிறுவயதில் ஒரு கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது, அதன் இரும்புக் கதவு சூடேறினால் ஒருபக்கமும் ஆறினால் மறுபக்கமும் டமார் என்று புடைப்பதைக் கவனித்தாராம். தகட்டைச் சற்றே குழிந்த வில்லையாக அடித்தால் குறிப்பிட்ட சூட்டில் அது ஒரே கணத்தில் மறுபுறம் புரண்டு விடும் என்று அவர் கண்டுகொண்டார். ஃபிரிட்ஜ் கம்ப்ரசரில் மெக்கானிக்குகள் 'ஓ.எல்.பி.' என்று சொல்லும் ஓவர்லோடும் இதே வம்சம்தான்.

அந்த வில்லை ஆறினால் மறுபடி பழைய பக்கத்துக்குப் புரளும். மின்சாரம் திரும்ப ஓடும். "அரை மணி நேரம் விட்டுட்டுப் போட்டா ஓடுது, மறுபடி நின்னுடுது" என்று யாராவது சொன்னால் மெஷின் கெட்டுப்போகவில்லை, வில்லை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் தனித்தனி வில்லை உண்டு. புரண்டது எது என்பதையும் ஓரளவு யூகிக்கலாம். டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் ஹீட்டர் பக்கம். டிரம்மே நின்றுவிட்டு, பேனல் விளக்கு மட்டும் எரிந்தால் மோட்டார் பக்கம்.

வில்லைக்கும் மேலே ஒரு கடைசிக் காவல் உண்டு. தெர்மல் ஃபியூஸ். அதன் ஒரு வகைக்குள் மிளகைவிடச் சின்னதாக ஒரு ரசாயன உருண்டை இருக்கும். இன்ன டிகிரியில் உருக வேண்டும் என்று தேர்ந்தெடுத்த பொருள். அது கெட்டியாக இருக்கும் வரை ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். உருகினால் ஸ்பிரிங் விடுபட்டு இணைப்பு அறுந்துபோகும். இது ஆறினாலும் திரும்பாது. ஒருமுறை போனால் போனதுதான். சில மாடல்களில் இது போனால் ஹீட்டர் மட்டும் நிற்கும், சிலவற்றில் மெஷினே உயிரில்லாமல் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் புறநகர் ரிப்பேர் உலகின் ஒரு வாசகத்தைக் கவனிக்க வேண்டும். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, மெக்கானிக் தம்பி நிமிர்ந்து சொல்வார்: "ஃபியூஸ்தான் சார் போயிருக்கு. ஒரிஜினல் வர நாலு நாள் ஆகும். இப்போதைக்கு டைரக்ட் பண்ணி விட்டுடட்டுமா?"

ஃபியூஸை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி இணைப்பதுதான் டைரக்ட். மெஷின் உடனே ஓடும், அவர் கெட்டிக்காரர் என்று பெயரும் வாங்குவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனை நாளானாலும் காத்திருக்கலாம். அந்த ஃபியூஸ் சும்மா போகவில்லை. வில்லை தோற்ற பிறகும் சூடு ஏறியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஃபியூஸை மாற்றினால்கூட, வழியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் புது ஃபியூஸும் சில நாளில் போகும். டைரக்ட் பண்ணினால் அடுத்து எரிவதற்கு ஃபியூஸ் இருக்காது, பஞ்சு இருக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி அங்கே ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் துணி ட்ரையரில் தொடங்குபவை. அவற்றின் முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. லண்டனில் 2016 ஆகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் பழுதான ட்ரையரிலிருந்து பிடித்த தீ, சுவரோடு பல மாடிகள் ஏறியது. நம் யூட்டிலிட்டிகளில் ட்ரையருக்குப் பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர் நிற்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மின்சாரத்தின் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. இது நம் ஊருக்கே உரியது. ஹீட்டர் ஒரு சாதாரணக் கம்பிச்சுருள். அது தரும் வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2,000 வாட் தருவது, 180 வோல்ட்டில் 1,220 வாட்தான் தரும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெப்பம் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. ஒன்றேகால் மணியில் காய வேண்டியது இரண்டு மணி நேரம் தாண்டும். மோட்டாருக்கு இது தலைகீழ். வோல்டேஜ் குறைந்தால் பாவம், அதே பாரத்தை இழுக்க அது அதிக மின்னோட்டத்தை உறிஞ்சும், உள்ளே சூடேறும், அதோடு ஒட்டியிருக்கும் வில்லை புரண்டு மோட்டாரை நிறுத்தும். வெளியே சூடு போதவில்லை, உள்ளே சூடு தாங்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தெருவெல்லாம் ஏ.சி. ஓடும் நேரத்தில் மட்டும் ட்ரையர் நிற்கிறது, காலையில் போட்டால் ஒழுங்காக முடிகிறது என்றால் மெஷினைக் கழற்றுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வேறு ஃபேஸுக்கு மாற்றினாலே சரியாகிவிடுவதும் உண்டு. பவர் பிளக்கைத் தொட்டும் பார்க்கலாம். ஒரு மணி நேரம் ஒன்பது ஆம்பியர் ஓடிய பிளக் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டால், அல்லது சாக்கெட்டின் ஒரு துளை ஓரம் பழுப்பேறியிருந்தால், பிரச்னை ட்ரையரில் இல்லை, அந்தச் சாக்கெட்டில்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ட்ரையரைப் போடவே கூடாது.

வந்த பில்லைப் பார்த்தும் சிலர் ட்ரையர் கெட்டுவிட்டதோ என்று நினைப்பார்கள். லோடுக்கு மூன்று யூனிட் வீதம் தினம் ஒன்று போட்டால் மாதம் 90 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை ட்ரையர் ஒன்றே ஒரு மாதத்தில் ஏறக்குறைய விழுங்கிவிடும். அது கோளாறு இல்லை, முன்னே சொன்ன 0.67 கணக்கின் வேலை. ஹீட் பம்ப் வகை வாங்கினால் இதில் பாதிக்கும் கீழே வரும். ஏனென்றால் அது ஆவியைக் குளிர்வித்து நீராக்கும்போது கிடைக்கும் வெப்பத்தை வீணாக்காமல் பிடித்து மறுபடி துணிக்கே கொடுக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. சுற்றுப்புற வெப்பம் 5 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பல கம்பெனிகளின் கையேடு சொல்லும். கண்ணாடி போட்டு அடைத்த யூட்டிலிட்டியில் 35 டிகிரியைத் தாண்ட அக்னி நட்சத்திரம் வர வேண்டியதில்லை. கம்ப்ரசர் திணறி நின்றுவிடும். ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் ஓடும்.

இதுவரை சொன்னது சுட்டு நிற்கும் ட்ரையர். எதிர் ரகமும் உண்டு: துணி சொட்டச் சொட்ட இருக்கும்போதே 'முடிந்தது' என்று பாட்டுப் பாடி நிற்பது. டிரம்முக்குள் எட்டிப் பார்த்தால் விரல் நீளத்தில் இரண்டு எஃகுப் பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஈரத்துணி இரண்டையும் ஒருசேரத் தொட்டால் அதன் வழியே நூலளவு மின்சாரம் பாயும். துணி காயக் காயப் பாய்ச்சல் குறையும். அதை வைத்துத்தான் மெஷின் முடிவெடுக்கிறது. பெரிய பெட்ஷீட் ஒன்று மற்ற எல்லாவற்றையும் தனக்குள் சுருட்டி மூட்டையாகிவிட்டால், மேலே காய்ந்த பெட்ஷீட் மட்டுமே பட்டையைத் தொடும். உள்ளே ஜீன்ஸ் ஊறிக்கொண்டிருக்கும். இரண்டே இரண்டு சட்டையைப் போட்டாலும் இதே தகராறு, அவை பட்டையில் சரியாகப் படுவதேயில்லை.

இன்னொரு வேடிக்கை, தண்ணீரின் உப்பும் இதில் நுழைவது. மின்சாரத்தைக் கடத்துவது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த உப்புகள்தான். நம் போர்வெல் தண்ணீரில் அலசிய துணி நன்றாகக் கடத்தும். கொடியிலேயே மழையில் தொப்பலாக நனைந்த துணியை அப்படியே கொண்டுவந்து ட்ரையரில் போட்டால், மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால், மெஷின் அதை உள்ளதைவிடக் காய்ந்த துணியாக எடைபோட்டுச் சீக்கிரமே நிறுத்திவிடக்கூடும். சில மாடல்களில் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ப இதைத் திருத்தும் வசதி மெனுவில் எங்கோ புதைந்திருக்கும். அதே போர்வெல் தண்ணீர் நாளடைவில் பட்டைமேல் வெள்ளைப் பூச்சாகப் படிந்து தொடர்பையே கெடுக்கும். கொஞ்சம் வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

துவைத்து உலர்த்துவது இரண்டையும் ஒரே டிரம்மில் செய்யும் மெஷின் வைத்திருப்பவர்கள் கதவில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். துவைக்க எட்டு கிலோ, உலர்த்த ஐந்து கிலோ என்று இருக்கும். எட்டு கிலோவையும் விட்டுவைத்தால் புரள இடமில்லாமல் பாதி ஈரத்தில் நேரம் முடிந்து நிற்கும். இவற்றில் பல, ஆவியைக் குளிர்விக்க மேல்நிலைத் தொட்டித் தண்ணீரையே சிறு தாரையாக உள்ளே விடுகின்றன. சின்டெக்ஸ் டேங்க் வெயிலில் காய்ந்து கொதித்துக்கொண்டிருக்கும் மத்தியானத்தில் அந்தத் தண்ணீர் எதைக் குளிர்விக்கும்? டேங்கே காலியென்றால் மெஷின் பிழை எண் காட்டி நின்றுவிடும். லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்ககங்களில் உலர்த்துவதற்கும் தண்ணீர் செலவாகிறது என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் தனி கண்டென்சர் ட்ரையரும் ஹீட் பம்ப்பும் இதற்கு நேர்மாறு. துணியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு டப்பாவில் சேர்த்துக் கொடுக்கும். டப்பா நிறைந்தால் நின்றுவிடும், கொட்டிவிட்டுப் போட்டால் ஓடும். காய்ச்சி வடித்த தண்ணீர்தானே என்று அதை இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றிவிடாதீர்கள். அதில் பஞ்சும் சோப்பு மிச்சமும் இருக்கும்.

கடைசியாக, மெஷின் மேல் குற்றமே இல்லாமல் பாதியில் நிற்பது: கரண்ட் போவது. புயல் மழையில் தண்ணீர் தேங்கும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் விபத்தைத் தவிர்க்க ஈ.பி.யே இணைப்பை நிறுத்தி வைக்கும். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், சில இடங்களில் கரண்ட் வர நாள்கணக்கானது. ட்ரையர் தன் வேலையை முடிக்கும்போது கடைசிச் சில நிமிடம் ஹீட்டரை அணைத்துவிட்டு வெறுங்காற்றை ஊதித் துணியை ஆற்றும். நடுவில் கரண்ட் போனால் அந்த ஆற்றுதல் நடக்காது. சுடச்சுடத் துணி குவியலாக உள்ளே கிடக்கும். சாதாரணத் துணிக்கு அதனால் சுருக்கம் விழுவதோடு சரி. எண்ணெய் ஏறிய துணிக்கு அப்படியில்லை.

தீபாவளி வருவது சரியாக மழைக்காலத்தில். வீட்டில் எல்லோரும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துத் துவட்டிய துண்டுகள் அன்றைக்கு மெஷினில் விழும். ஒரு துவைப்பில் எண்ணெய் முழுக்கப் போகாது. நல்லெண்ணெயின் மூலக்கூறுகளில் ஆக்சிஜனோடு சேரத் துடிக்கும் இடங்கள் நிறைய உண்டு. அந்தத் தன்மையை அளக்கும் அயோடின் எண் தேங்காயெண்ணெய்க்குப் பத்தை ஒட்டியும், நல்லெண்ணெய்க்கு நூறைத் தாண்டியும் இருக்கிறது. ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் பிறக்கும். விரித்துப் போட்ட துண்டில் அது காற்றோடு போய்விடும். சூடான குவியலின் நடுவில் போக வழியில்லாமல் தேங்கி, தேங்கிய சூடு சேர்க்கையை இன்னும் வேகப்படுத்தி, ஓரிரு மணி நேரத்தில் யாரும் பற்றவைக்காமலே புகையக்கூடும். மசாஜ் நிலையங்களிலும் ஓட்டல் சலவைக்கூடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. எண்ணெய்த் துண்டை வெந்நீரில் கூடுதல் சோப்பு போட்டு இரண்டு முறை துவைத்துக் கொடியில் காயப்போடுவதுதான் சரி. ட்ரையரில் போட்டுக் கரண்டும் போய்விட்டால், அது வரட்டும் என்று காத்திருக்காமல் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக உதறி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் தரையில் விரித்துவிட வேண்டும்.